சந்தை மேசைக்கு எந்த நகை? சென்னையில் விற்கும் கைவினை நகைகள் குறித்து ஒரு விற்பனையாளரின் மதிப்பீடு

சென்னையில் கைவினைச் சந்தைகளுக்கு இப்போது குறைவில்லை. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சுய உதவிக் குழுக்களின் கண்காட்சிகள் நடக்கின்றன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ஏற்பாட்டில் கல்லூரி வளாகங்களுக்குள்ளேயே கல்லூரிச் சந்தைகள் போடப்படுகின்றன. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கைவினைஞர்கள் கடை விரிக்கிறார்கள். பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி நடக்கிறது. இவை போக, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதி அரங்குகளில் நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் முன்பாக இரண்டு மூன்று நாள் விற்பனைகள் வரிசையாக வந்துவிடும். இவற்றில் ஒரு மேசையை வாடகைக்கு எடுக்க நினைக்கும் பெண்களில் பலர் முதலில் தேர்ந்தெடுப்பது நகையைத்தான். சிறியது, எடுத்துச் செல்ல எளியது, சிறு முதலீட்டில் தொடங்கலாம். ஆனால் எந்த நகை என்று கேட்டால், அழகாக இருப்பதை வையுங்கள் என்பதற்கு மேல் யாரும் விடை சொல்வதில்லை. நானே செய்தும், பிற கைவினைஞர்களிடம் வாங்கியும் இந்தச் சந்தைகளில் விற்று வருபவள் என்ற முறையில், எந்த வகை மேசைக்குத் தகும், எது தகாது என்ற என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் நகை வாங்கியவர், கல் விழுந்தால் மறுநாளே அதே கடைக்குப் போய்க் காட்டலாம். சந்தை இரண்டு நாளில் கலைந்துவிடும். அதன் பிறகு விற்றவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆகவே சந்தையில் விற்கும் நகை, வாங்கியவர் வீட்டில் ஆறு மாதம் கழித்தும் வாங்கிய அன்று இருந்ததைப் போலவே இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். சென்னை அதற்கு எளிய ஊர் அல்ல. ஆண்டின் பெரும்பகுதி புழுக்கம், கழுத்தோரம் வற்றாத வியர்வை, கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் விடாத ஈரம் என்று நகைக்கு ஆகாதவை எல்லாம் இங்கே உண்டு. மேசை விளக்கின் கீழ் மின்னும் பல பொருள்கள் இந்தக் காற்றில் ஒரு பருவம் தாங்குவதில்லை.

எந்த வகையாக இருந்தாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் பின்புறத்தை. காதணியைக் கையில் எடுக்கும் பெண்கள் விலைக்கு முன்பே கேட்பது, "இது போட்டா காது பழுக்காதாம்மா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல முடியாத பொருளை மேசையில் வைக்கவே கூடாது. மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கிறது. வியர்வை பட்டால் அது சிறிது சிறிதாகக் கசிந்து தோலில் இறங்குகிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முதலில் அரிப்பும், பிறகு நீர் கோத்துப் புண்ணும் வருகின்றன. பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கும் பூச்சுக் கொக்கிகளை வாங்கி மாட்டிவிட்டால் செலவு மிச்சம்தான். ஆனால் நகையின் மற்ற எல்லாச் சிறப்பையும் அந்தக் கொக்கி கெடுத்துவிடும். சர்ஜிகல் ஸ்டீல் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி, அல்லது 92.5 வெள்ளிக் கம்பியில் வளைத்த கொக்கி, இவை இரண்டையும்தான் நான் ஏற்கிறேன். சர்ஜிகல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. அது கலவைக்குள் இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறுகிறது. ஒவ்வாமை மிகக் கடுமையாக உள்ளவர்களுக்கு டைட்டானியம்தான் பாதுகாப்பு என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நம் கடமை.

கம்பியின் கனமும் கவனிக்க வேண்டியது. 20 கேஜ் கம்பி, அதாவது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் கனமுள்ளது, பெரும்பாலான காதுகளுக்குச் சரியாக இருக்கிறது. அதைவிட மெல்லியதாக இருந்தால் இரண்டு முறை மாட்டிக் கழற்றியதும் வளைந்துவிடும். ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் கொக்கியையே விரும்புவதில்லை. அவர்களுக்குத் திருகாணி வேண்டும். பல ஆண்டுகள் கனமான தோடு அணிந்து காதுத் துளை கீழே இறங்கியிருப்பவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குக் கனமான ஜிமிக்கியை விற்பதானால், பாரத்தில் ஒரு பங்கைக் கூந்தலுக்கு மாற்றும் மாட்டலையும் சேர்த்தே காட்ட வேண்டும். மயிலாப்பூர்ப் பக்கச் சந்தைகளுக்குப் போகும்போது திருகாணி வைத்த தோடுகளைப் பாதிக்குப் பாதி கொண்டுபோவது என் வழக்கம். சந்தைக்கு வரும் இளம் கைவினைஞர்களில் பெரும்பாலோர் இந்த வயதினரை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். நின்று நிதானமாகப் பார்த்து, பிடித்தால் பேரம் பேசாமல் வாங்குபவர்கள் அவர்கள்தாம்.

இனி வகைகளுக்கு வருகிறேன். சென்னைச் சந்தைக்கு முதலிடம் கொடுக்கத் தகுந்தது சுடுமண் நகை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மண் இந்த ஊருக்குப் புதிதல்ல. கொசப்பேட்டையில் குயவர் குடும்பங்கள் கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். சுடுமண் வியர்வையால் கறுக்காது, துருப் பிடிக்காது, பச்சை பூக்காது. பட்டுப் புடவைக்கும் பருத்திப் புடவைக்கும் குர்தாவுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். புடவையின் நிறத்துக்கேற்ப வண்ணம் பூசித் தர முடியும் என்பதால், சந்தையில் ஒன்று வாங்கியவர் பிறகு முன்பதிவு செய்து மூன்று வாங்குகிறார்.

ஆனால் சுடுமண் என்ற பெயரில் மேசைக்கு வரும் எல்லாம் சுட்டவை அல்ல. காற்றிலேயே இறுகும் ஆயத்த மண்ணில் செய்து, வண்ணம் பூசி, சுடாமலேயே விற்பவர்கள் உண்டு. பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஒரு நாள் மழையில் நனைந்தால் ஓரம் கொழகொழத்துவிடும். வாங்கி விற்பவர்கள் ஒரு தொகுதியிலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்து, வண்ணம் பூசாத நிலையில், இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். நன்றாகச் சுட்டது காலையில் நீரைக் குடித்து நிறம் சற்று அடர்ந்திருக்கும், அவ்வளவுதான். சுடாதது கரைந்து அடியில் சேறாகத் தங்கும். ஓசையும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மணிகளை மெல்லத் தட்டினால், வெந்த மண் கிண்ணென்று ஒலிக்கும். வேகாதது மந்தமாகத் தட்டுப்படும்.

ஒரு சுடுமண் ஜிமிக்கி எப்படி உருவாகிறது என்பதை ஒரு முறையாவது அருகில் இருந்து பார்த்துவிட்டு விற்கத் தொடங்குவது நல்லது. பிசைந்த மண்ணைச் சப்பாத்திக் கட்டையால் சீராகத் தேய்த்து, அரைக்கோள அச்சின் மேல் போர்த்தி, விரல் நுனியில் தண்ணீர் தொட்டு மடிப்புகளை நீவிவிடுகிறார்கள். சுவர் மிக மெல்லியதாக இருந்தால் உலரும்போதே வெடிக்கும்; தடித்துவிட்டால் காது தாங்காது. உச்சியில் கம்பி நுழையும் துளையை ஈரம் இருக்கும்போதே ஊசியால் இட்டுவிட வேண்டும். அதன் பிறகு நிழலில் சில நாள் உலர வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி, உட்புறம் ஈரமாகவே நின்று, விரிசல் விழுகிறது. மண்ணுக்குள் காற்றுக் குமிழோ ஈரமோ மீந்திருந்தால் சூளையில் பிளந்துவிடும். ஒரு சூளையில் வைத்த அத்தனையும் முழுதாக வெளியே வருவது அரிது என்பதைக் கண்ணால் பார்த்தவர், 200 ரூபாய் என்று விலை சொல்லும்போது குரல் தயங்காமல் சொல்வார்.

சுடுமண் நகையில் நான் தள்ளிவிடும் குறைகள் மூன்று. தோட்டின் பின்கம்பியை உடனடிப் பசையால் ஒட்டியிருந்தால் அது ஒரு மாதத்தில் கையோடு வந்துவிடும். இரு குழல் எப்பாக்ஸிப் பசையால் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது மண்ணில் இட்ட துளை வழியே கம்பியைக் கோத்திருக்க வேண்டும். இரண்டாவது, வண்ணம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் நிறம் ஏறக் கூடாது. போஸ்டர் வண்ணம் பூசியவை இதில் மாட்டிக்கொள்ளும்; அக்ரிலிக் வண்ணம் நிற்கும். அந்த அக்ரிலிக்கையும் வாசனைத் திரவியத்தில் உள்ள ஆல்கஹால் இளக்கிவிடும் என்பதால், திரவியம் அடித்து உலர்ந்த பிறகே நகையை அணியுமாறு சொல்லி விற்க வேண்டும். மூன்றாவது எடை. ஒரு காதுக்கு 10 கிராமைத் தாண்டினால், எத்தனை அழகாக இருந்தாலும் மாலைக்குள் கழற்றிவிடத் தோன்றும். சிறிய மின்னணுத் தராசு ஒன்று மேசையிலேயே இருந்தால், வாங்குபவருக்கு எடையைக் காட்டியே விற்கலாம். இதை நான் தொடர்ந்து செய்கிறேன். கூட்டத்தில் அது என் மேசைக்கென்று ஒரு பெயரையே வாங்கித் தந்திருக்கிறது.

பட்டு நூல் வளையலுக்கு இரண்டாம் இடம் கொடுப்பேன், ஆனால் பருவத்தோடு சேர்த்து. நவராத்திரியும் வரலட்சுமி விரதமும் வளைகாப்பும் இருக்கும் வரை வளையலுக்குத் தேவை குறையாது. வெற்றிலைப் பாக்கோடு வைத்துக் கொடுக்க ஒரே மாதிரி இருபது, முப்பது ஜோடி கேட்டு வருபவர்கள் உண்டு. அப்படி வரும் ஒரு வாங்குநர், இரண்டு நாள் சில்லறை விற்பனைக்குச் சமம். இதில் சிக்கல் அளவுதான். வளையல் அளவுகள் 2.2, 2.4, 2.6, 2.8, 2.10 என்று அங்குலத்தையும் அதன் பதினாறில் ஒரு பங்கையும் கொண்டு சொல்லப்படுகின்றன. 2.4 என்பது இரண்டேகால் அங்குல உள்விட்டம், அதாவது 57 மில்லிமீட்டர், 2.6 என்பது 60 மில்லிமீட்டர், 2.8 என்பது 63.5 மில்லிமீட்டர். நூல் சுற்றிய பிறகு உள்விட்டம் குறைந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் 2.6 அடிவளையத்தில் சுற்றி 2.6 என்றே விற்பவர்களின் வளையல் விரல் முட்டிகளைத் தாண்டாது. ஒவ்வோர் அளவிலும் ஒவ்வொரு நிறம் வைக்கப் போனால் முதலீடு முழுவதும் பெட்டிக்குள் முடங்கிவிடும். 2.4, 2.6, 2.8 ஆகிய மூன்றில் மட்டும், அரக்கு, மயில் கழுத்து, மஞ்சள், கரும்பச்சை போன்று புடவைகளில் திரும்பத் திரும்ப வரும் நிறங்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ரவிக்கைத் துணி பார்த்துச் செய்து தருவதாக முன்பதிவு எடுப்பதே அறிவுடைமை.

பட்டு நூலில் தரம் பார்க்க வேண்டிய இடம் உட்புறம். வெளியே நெருக்கமாகச் சுற்றிவிட்டு உள்ளே பசை வழிந்து காய்ந்து கறை படிந்த வளையல்களை நான் வாங்குவதில்லை. வளையலின் மேல் ஒட்டிய குந்தன் கற்களை நகத்தால் நெம்பிப் பார்க்கும்போது ஒன்றாவது பெயர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பட்டு நூல் ஜிமிக்கி மட்டும் என் மேசைக்கு வருவதில்லை. வியர்வையும் தலை எண்ணெயும் படும் இடத்தில் நூல் சீக்கிரமே அழுக்கேறுகிறது. அதைத் துவைக்கவும் வழியில்லை.

துணி நகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தகுதிக்கேற்ற இடம் இவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தையற்கடைகளில் மிஞ்சும் கலம்காரித் துண்டு, இக்கத் நெசவுத் துண்டு, காஞ்சிப் பட்டின் பழைய பார்டர் ஆகியவற்றை மெல்லிய மரவில்லையின் மேல் இழுத்து ஒட்டிச் செய்யும் தோடுகளும் பதக்கங்களும் எடையே தெரியாதவை. ஒரு துண்டில் வரும் மயில் மறு துண்டில் வராது என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. கையால் செய்தது என்று வாயால் சொல்லத் தேவையே இல்லை. கல்லூரிச் சந்தைகளிலும் தட்சிணசித்ராவிலும் இவை நன்றாகப் போகின்றன. வில்லைக்கு அட்டை வைத்தவை ஈரத்தில் உப்பிவிடும். மரமா அட்டையா என்பதை விளிம்பைக் கீறிப் பார்த்து வாங்க வேண்டும். பனையோலையிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் செய்யும் காதணிகளையும் இதே வரிசையில் சேர்ப்பேன். ஓலை நகைக்கு மழைக்காலத்தில் பூஞ்சணம் வரும் வாய்ப்பு உண்டு, ஆகையால் பங்குனி முதல் ஆவணி வரை மட்டும் வைக்கிறேன். சிரட்டைக்கு அந்தக் கவலையும் பெரிதாக இல்லை.

மணி கோத்த மாலைகளில் மேசைக்கு மேசை ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. பிளாஸ்டிக் மணிகளை வாங்கிக் கோத்துவிட்டுக் கைவினை என்று விலை கூட்டுவதை நான் ஏற்பதில்லை. மெரினாவில் நரிக்குறவர் பெண்கள் பாசிமணியைக் கோக்கும் நேர்த்திக்கும் வேகத்துக்கும் விலைக்கும் அவை முன்னால் நிற்காது. ஆனால் கண்ணாடி மணியில் கையால் இழுத்துச் செய்தவை தனிச் சிறப்புடையவை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் பண்டைக் காலத்தில், உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கி மணியாக்கிக் கடல் கடந்து அனுப்பினார்கள். அந்த இழுப்பு முறையை ஆந்திரத்தின் திருப்பதிப் பக்கமுள்ள பாப்பநாயுடுப்பேட்டையில் நம் காலம் வரை கைவிடாமல் காத்து வந்திருக்கிறார்கள். அந்த வகை மணியை விரல்களுக்கிடையே உருட்டினால், ஒன்றுக்கொன்று மயிரிழை அளவு வேறுபடுவது தெரியும். அப்படிப்பட்ட மணிகளை நல்ல நூலில், ஒவ்வொரு மணிக்கும் இடையே முடிச்சிட்டுக் கோத்த ஒரு மாலையை, அதன் கதையை ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்தால், 900 ரூபாய் கேட்பதில் தவறே இல்லை. முடிச்சிட்டுக் கோப்பதில் இன்னொரு நன்மை, நூல் அறுந்தாலும் மணிகள் சிதறி ஓடாது.

உலோக நகைகளில்தான் நேர்மைக்குச் சோதனை வருகிறது. ஆக்சிடைஸ்டு என்றும் ஜெர்மன் சில்வர் என்றும் விற்கும் கறுத்த வெள்ளி நிற நகைகள் இளம் பெண்களிடம் அதிகமாகப் போகின்றன; எந்தச் சந்தையிலும் நாலு மேசையாவது அவைதாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை அது. காது பழுக்குமா என்ற கேள்விக்கு இதில் நல்ல விடை கிடையாது. மேலும் இவற்றுள் பெரும்பாலானவை அச்சில் வார்த்துத் தொழிற்சாலையில் வருபவை. மொத்தக் கடையில் டாலரும் மணியும் வாங்கி வளையத்தில் மாட்டினால் அது கோத்து விற்பதாகும், செய்து விற்பதாகாது. அப்படி விற்பதில் குற்றமில்லை. கைவினைச் சந்தையில், கையால் செய்தது என்ற பலகையின் கீழ் விற்பதுதான் குற்றம். அருகில் உட்கார்ந்து ஒரு நாள் முழுவதும் கம்பி வளைப்பவரின் உழைப்பை அது மலிவாக்கிவிடுகிறது. சந்தை நடத்துபவர்கள் மேசை ஒதுக்கும் முன் ஒரு பொருளையாவது கண் முன்னால் செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலோகத்தில் விற்க வேண்டுமானால் செம்பு அல்லது பித்தளைக் கம்பியைக் கையால் வளைத்து, கல்லைச் சுற்றிக் கட்டியவற்றை வையுங்கள். அவை காலப்போக்கில் நிறம் மாறும். வியர்வையில் தோலில் பச்சைக் கறை படியலாம். புளியால் துலக்கினால் மீண்டும் பளிச்சிடும். இந்த மூன்றையும் சொல்லி விற்றால் யாரும் குறைப்படுவதில்லை. பித்தளைக் குடம் துலக்கிய வீடுகளுக்குப் புளியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோயில் நகை மீது எனக்கு மரியாதை மிகுதி. அதனாலேயே அதைச் சந்தை மேசைக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். நாகர்கோவில் வடசேரியில் கைவினைஞர்கள் வெள்ளியில் அடிப்படை அமைத்து, கெம்புக் கற்களைப் பதித்து, பொன் முலாமிட்டுச் செய்யும் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பரதநாட்டியக் கலைஞர்கள் அணிவது அந்த மரபில் வந்தவற்றையே. அவற்றின் விலை சந்தைக் கூட்டம் எதிர்பார்க்கும் விலையல்ல. மயிலாப்பூர் மாட வீதிகளில் நாட்டிய நகை வாங்குபவர்கள், குடும்பம் குடும்பமாகப் பழகிய கடைகளுக்குத்தான் போவார்கள். அச்சில் வார்த்த கெம்பு செட்டுகளை, வடசேரி என்று சொல்லாமலும் மறுக்காமலும் விற்பது சரியல்ல. கவரிங் நகைக்கும் இதே முடிவுதான்; சிதம்பரம் கவரிங் என்ற பெயருக்குத் தமிழகத்தில் இருக்கும் மதிப்பு வேறு, அதற்கான கடைகளும் வேறு.

ரெசின், அதாவது ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் எப்பாக்ஸிப் பிசினில் வார்க்கும் நகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பூவிதழை உள்ளே உறையவைத்த பதக்கம் மேசையில் எல்லாக் கண்களையும் இழுக்கும் என்பது உண்மை. சென்னையில் அதைச் செய்வதும் காப்பதும் கடினம். எப்பாக்ஸி முழுதாக இறுக ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும்; ஈரப்பதம் கூடிய நாளில் ஊற்றினால் மேற்பரப்பில் மங்கலாகப் படலம் படர்கிறது. மல்லிகையைச் சரியாக உலர்த்தாமல் வைத்தால் உள்ளேயே பழுப்பாகிவிடும். வெயில் பட்டால் ரெசின் நாளடைவில் மஞ்சளாகும், சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டால் இளகி வளையவும் கூடும். இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது, ஆகவே கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டு அடுக்களையில் செய்பவரிடம் வாங்க எனக்கு மனம் வராது. நன்றாகத் தெரிந்த ஒருவரிடமிருந்து பத்துப் பதக்கங்கள், அதற்கு மேல் வேண்டாம். காகிதப் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் கம்மலைச் சந்தையில் வைக்கவே வேண்டாம். எத்தனை முறை வார்னிஷ் அடித்தாலும் இந்த ஈரத்தில் தளர்ந்துவிடும். பாலிமர் களிமண்ணில் செய்யும் குட்டி இட்லித் தட்டு, தோசை, பில்டர் காபி டபரா தோடுகள் குழந்தைகளுக்கும் கல்லூரி மாணவிகளுக்கும் பிடிக்கின்றன. களிமண் வந்த உறையில் குறித்த வெப்பத்தில், குறித்த நேரம் சுட்டவை என்றால் நீடித்து நிற்கும்.

விலைக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்காமல் பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு நாள் மேசை வாடகை 4,000 ரூபாய், போக்குவரத்தும் சாப்பாடும் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாய் ஜிமிக்கியில் பொருளும் கூலியும் போக 80 ரூபாய் மிஞ்சினால், 63 ஜோடி விற்ற பிறகுதான் கைக்காசு திரும்பும். 900 ரூபாய் மாலையில் 350 மிஞ்சினால் 15 மாலை போதும். ஆனால் கல்லூரிச் சந்தையில் 900 ரூபாய் மாலையை ரசிப்பார்களே தவிர வாங்க மாட்டார்கள். அங்கே 150 ரூபாய்க்கு மேல் கை நீளுவது குறைவு. ஆழ்வார்பேட்டை அரங்குகளில் நிலைமை தலைகீழ். மலிவான பொருளை மட்டும் வைத்தால் மேசையைத் தாண்டிப் போய்விடுவார்கள். மார்கழிக் கச்சேரிக் காலத்தில் பட்டுடுத்தி வருபவர்களுக்குச் சுடுமண் அட்டிகையும் பெரிய தோடும் வேண்டும். தட்சிணசித்ராவில் குடும்பத்தோடு வருபவர்கள் செய்முறையைக் கேட்டு நிற்பார்கள். அங்கே ஒரு கிண்ணத்தில் பிசைந்த மண்ணும் அச்சும் வைத்துச் செய்து காட்டினால் விற்பனை தானாக நடக்கும். தீவுத்திடலில் கூட்டம் பெரிது, நேரம் நீளம், விலை குறைவு. தனி ஆளாக ஒரு மேசையைப் பார்த்துக்கொள்பவருக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. வரியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை: மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது; செயற்கை நகைகளுக்கான வரி 3 சதவீதம்.

இன்று ஒருவர் புதிதாக மேசை எடுக்கிறார் என்றால், அவருக்கு என் பரிந்துரை இது. மேசையின் பாதியைச் சுடுமண்ணுக்குக் கொடுங்கள். அதில் முக்கால் பங்கு தோடும் ஜிமிக்கியும், மீதி பின்கயிறு வைத்த அட்டிகைகள். கால்வாசியைத் துணிக்கும் சிரட்டைக்கும் கொடுங்கள். மீதிக் கால்வாசியில், பண்டிகை நெருங்கினால் வளையல், மற்ற மாதங்களில் கண்ணாடி மணி மாலை. ஒவ்வொரு நகையையும் காற்றுப் புகாத ஜிப் உறையில் போட்டு, உறையின் மேல் ஒரு வரியில் பராமரிப்பும், பழுது பார்த்துத் தரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். மேசைக்கு அடியில் இரண்டு குறடு, கொக்கிகள், வளையங்கள், எப்பாக்ஸிப் பசை அடங்கிய சிறு பெட்டி இருக்கட்டும். போன சந்தையில் வாங்கிய தோட்டைக் கைப்பையில் தேடி எடுத்துக் கொடுப்பவருக்கு, அங்கேயே உட்கார்ந்து கொக்கியை மாற்றித் தாருங்கள், காசு வாங்காதீர்கள்.

நவராத்திரி விற்பனைக்கான சுடுமண் நகையை ஆடி மாதமே சொல்லிவிட வேண்டும். ஆவணியில் பெரும்பாலும் வெயில் கிடைக்கிறது, நிழலிலும் மண் நாலைந்து நாளில் உலர்ந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அதே மண் பத்து நாளாகியும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அவசரத்துக்குச் சூளையில் வைத்தவற்றில் பாதி பிளந்துதான் வெளியே வரும். தீபாவளிக்கு முந்தின வாரம் கைவினைஞரிடம் போய், இருபது செட் உடனே வேண்டும் என்று கேட்பவருக்கு, சுடாத மண்தான் கிடைக்கும்.